வளர்ந்த பிள்ளையோடு ஒரு வாரம் சிங்கப்பூர்: தோட்டப்புறத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மகள் என்னைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்" என்றுதான் மலேசியாவின் பேராக்கில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் அதைக் கேட்ட என் பழைய சக ஆசிரியை, "கூட்டிக்கொண்டு போகிறாளா, சேர்ந்து போகிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்டமிட உட்கார்ந்தபோதுதான் அதன் அர்த்தம் விளங்கியது. பிள்ளை சிறியவளாக இருந்தபோது நாம் முடிவெடுத்தோம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இப்போது அவள் முடிவெடுத்து நாம் பின்னால் போனால், ஆள் மாறியிருக்கிறதே தவிர முறை மாறவில்லை. ஏழு நாள், ஒரே அறை, புதிய ஊர் என்று வரும்போது ஒருவர் தலைவராகவும் மற்றவர் சாமானாகவும் இருக்க முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இருவரும் பாதிப் பாதியாகச் சுமக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். நான் அம்மா, உடன் வந்தவள் 27 வயது மகள். அப்பாவும் மகனும் போனாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் பேச வேண்டியது

டிக்கெட், விடுதி எதையும் தொடுவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். கட்டாயம் பார்க்க வேண்டியவை மூன்று, பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்பவை மூன்று, எனக்கு வேண்டவே வேண்டாம் என்பவை இரண்டு. எழுதி முடித்த பிறகுதான் மாற்றிப் படிக்க வேண்டும். வாயால் கேட்டால் நம் வீடுகளில் என்ன பதில் வரும் என்று தெரியும்: "உனக்கு எது பிடிக்குமோ அதுவே போதும்மா" என்று தாய் சொல்வாள், "உங்களுக்காகத்தான் போறோம்" என்று பிள்ளை சொல்லும், இருவரும் விரும்பாத ஓர் இடத்தில் போய் நிற்போம். தாளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

என் மகளின் தாளில் "ஒரு முழு நாள் தனியாக" என்று எழுதியிருந்தது. படித்ததும் மனம் சுருங்கியது உண்மை. அவள் பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறாள். ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த விடுப்பு இது. சிங்கப்பூரில் அவளுடைய கல்லூரித் தோழி இருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் நியாயமான ஆசை. அதோடு, அவளுடைய நடைவேகம் இல்லாமல் ஒரு நாளை எனக்குப் பிடித்தபடி கழிக்கும் வாய்ப்பு எனக்கும் அதனால்தான் கிடைத்தது. உங்கள் பிள்ளை இதைக் கேட்கத் தயங்கினால் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

நாள் குறிப்பது

திங்கட்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பினால், வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஐந்து நாள் விடுப்பே செலவாகும். வெள்ளிக்கிழமை மாலையும் நீண்ட விடுமுறைகளின் தொடக்கமும் முடிவும் இரு நாடுகளையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தில் மணிக்கணக்காக நிற்க வைக்கும். மலேசியப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகிய காலங்களை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கு அலங்காரம் இருக்கும். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் அது நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் விடுதிக் கட்டணம் ஏறிவிடும் என்பதால், தேதியை உறுதி செய்வதற்கு முன்பு அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம்: இரண்டு "வெள்ளி"களின் குழப்பம்

மலேசியத் தமிழர் ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கிறோம். வீட்டில் உட்கார்ந்து பேசும்போது இது மொழி வழக்கம் மட்டுமே. செலவுக் கணக்கில் அதுவே குழியாகிவிடும். "அறை 150 வெள்ளி" என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் ரிங்கிட்டில் நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய நிலையில், என் மனக்கணக்கு மூன்று மடங்கு பிழையாக இருந்தது. அன்றிலிருந்து எழுதும் எல்லாவற்றிலும் "சி.வெ." "ம.ரி." என்று இரண்டு பத்தி போட்டோம். நீங்களும் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

விளம்பர விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். அப்படியானால் 150 வெள்ளி அறை 179 வெள்ளி 85 காசு ஆகும். ஆறு இரவுக்கு வரும் வித்தியாசம் இன்னோர் இரவின் வாடகை அளவுக்குப் போய்விடும். உணவகங்களிலும் இதே முறை உண்டு. சிறு உணவுக்கடைகள் கூடியிருக்கும் உணவங்காடி நிலையங்களில் சேவைக் கட்டணம் கிடையாது, பலகையில் போட்ட விலைதான்.

இனி யார் கொடுப்பது என்ற கேள்வி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் தானே கொடுக்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. பிள்ளையின் காசில் சாப்பிடுகிறோமே என்று பெற்றவர் கூசுகிறார். கூச்சத்தில் "எனக்குப் பசிக்கலை" என்று பொய் சொல்கிறார். நாங்கள் கண்ட வழி இது. மொத்தச் செலவை நான்காகப் பிரித்தோம்: போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடும் நுழைவுச்சீட்டும், சொந்தச் செலவு. தங்குமிடத்தை மகள் ஏற்றாள். போக்குவரத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நான் ஏற்றேன். மூன்றாவதற்கு இருவரும் சமமாகப் போட்டு ஒரு பழுப்பு உறையில் வைத்தோம். உறை என் கைப்பையில் இருக்கும், அன்றாடக் கணக்கை அவள் கைத்தொலைபேசியில் எழுதுவாள். சொந்தச் செலவை ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. அவள் ஒரு சோடி காலணிக்கு என்ன கொடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டு வருமானத்துக்குப் பங்கு வேறுவிதமாக இருக்கலாம். சமமாக இருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே பேசியதாக இருக்க வேண்டும்.

பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் தொடாமல் செலுத்தும் வசதியுள்ள நம் வங்கி அட்டையையே காட்டிச் செல்லலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும், ஆகவே ஆளுக்கு ஓர் அட்டை தேவை. அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படுமுன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். நெட்ஸ் கியூஆர் என்ற சிங்கப்பூர்க் கட்டணக் குறியீடு வைத்திருக்கும் பல கடைகளில், மலேசியாவின் டூயிட்நவ் கட்டண வசதியுள்ள நம் வங்கிச் செயலியால் பணம் செலுத்தலாம். இருந்தாலும் உணவங்காடிக்குச் சில்லறை நோட்டு கையில் இருப்பது நல்லது.

தங்குமிடம்

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, மின்தூக்கி, இரண்டு தனிக் கட்டில்கள், சன்னல். இந்த நான்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். மலிவான அறைகளில் சன்னலே இல்லாதவை உண்டு. படத்தை நம்பாமல் அறை விவரத்தைப் படியுங்கள். நாங்கள் இரண்டு கட்டில் கேட்டுப் பதிவு செய்தும், போய்ச் சேர்ந்த இரவில் விடுதிக்காரர்கள் ஒற்றைப் பெரிய கட்டில் அறையைக் கொடுத்தார்கள். மகள் பதிவுச்சீட்டை அச்செடுத்து வைத்திருந்ததால் மறுநாள் காலை மாற்ற முடிந்தது. அப்பாவும் மகளும், அல்லது அம்மாவும் மகனும் போகிறார்கள் என்றால், இடத்தைச் சற்று எளிமையாக எடுத்தாவது இரண்டு அறைகளாகப் பிரித்துக்கொள்வது இருவருக்கும் நிம்மதி.

இணையத்தில் வீட்டு அறைகளை நாள் வாடகைக்கு விடுவார்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டைக்கூட மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம். சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு மாலை விருந்துக்குப் போங்கள். ஆறு இரவும் அங்கேயே தங்கினால் பிள்ளை மறுபடியும் சின்னப் பிள்ளையாகிவிடும். வயது, சம்பளம், கல்யாணம் என்று மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு காலையும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எங்களுக்குத் தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியா வட்டாரம் சரியாக அமைந்தது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையும் டௌன்டௌன் பாதையும் சந்திக்கின்றன. காலையில் பசியாறத் தோசையும் இடியப்பமும் நடை தூரத்தில் கிடைக்கின்றன.

கடப்பிதழும் பையும்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைச் சென்று சேரும் நாள் உட்பட மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்; சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளங்கள் அதே படிவத்தை வைத்துக் காசு பார்க்கிறவை. அவரவர் அட்டையை அவரவரே நிரப்புங்கள், பிள்ளை பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.

தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்ற சில மருந்துகளுக்கு முன் அனுமதி தேவைப்படும். இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை மருந்துப் பெட்டியோடும் மருத்துவர் குறிப்போடும் கைப்பையில் வையுங்கள். வேப் என்னும் மின்சிகரெட் கருவியைக் கொண்டு போவதே குற்றம், சிகரெட்டுக்கும் மலேசியாவிலிருந்து கொண்டுபோகும் மதுவுக்கும் வரிவிலக்கு இல்லை, மெல்லும் கோந்தும் கூடாது. வளர்ந்த மகனிடம் இதை நேராகக் கேட்டுவிடுங்கள். சமைத்த இறைச்சியை வீட்டிலேயே விட்டுவிட்டு முறுக்கும் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்தும் விமானமும் உண்டு. இரவுப் பேருந்து மலிவு. ஐம்பதைக் கடந்த கால்கள் காலையில் வீங்கியிருக்கும், முதல் நாள் முழுவதும் வீணாகும். நாங்கள் பகலில் போனோம். மகள் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் என்னும் மின்ரயில் ஏறினாள், நான் அதே ரயிலில் சுங்கை சிப்புட்டில் ஏறினேன். எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை, அட்டவணையைப் பார்த்து ஒரே பெட்டியில் இருக்கைகளைப் பதிவு செய்ய வேண்டும். சுமார் மூன்று மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல். அங்கிருந்து பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து முனையம் சென்று சிங்கப்பூர்ப் பேருந்து ஏறலாம். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேர இடைவெளியாவது வையுங்கள். ரயில் தாமதமானால் நெஞ்சு படபடக்காது. ஜொகூர் பாருவில் ஓர் இரவு தங்கிப் போகிறவர்கள் ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டில் தெப்ராவ் ரயிலைப் பார்க்கலாம். ஓட்டம் ஐந்தே நிமிடம். டிக்கெட் மிக விரைவில் தீர்ந்துவிடும்.

எல்லையைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. பேருந்தில் போனால் மலேசியப் பக்கம் ஒரு முறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாச் சாமான்களையும் கையோடு கொண்டு போக வேண்டும். ஆகவே பையின் அளவைத் தீர்மானிப்பது பிள்ளையின் பலம் அல்ல. நீங்களே ஒரு கையால் தூக்கிக்கொண்டு நகரும் படிக்கட்டில் நிற்க முடிகிற பைதான் சரியான பை. இறங்குமுன் பேருந்தின் எண் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து அதிக நேரம் காத்திராது.

என் பெருவிரலைத் தானியங்கி வாயில் மூன்று முறையும் ஏற்கவில்லை. பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு ரப்பர்ப் பால்மரம் வெட்டப்போன கை, பிறகு நாற்பது ஆண்டு சாக்கட்டி பிடித்த கை, ரேகை தேய்ந்திருந்தது. மகள் கண்ணாடிக்கு அப்பால் நின்று பதறினாள். அதிகாரி உட்கார்ந்திருக்கும் முகப்புக்குப் போனால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை அது. ரேகை தேய்ந்தவர்கள் தொடக்கத்திலேயே அந்த வரிசையில் நில்லுங்கள், முதலில் கடந்தவர் எங்கே காத்திருப்பார் என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாளைப் பிரிப்பது

முதல் நாளும் கடைசி நாளும் பயணத்துக்குப் போய்விடும். மீதமுள்ள ஐந்தில் ஒன்று தனித்தனி நாள். ஆக, சேர்ந்து சுற்ற நான்கே நாட்கள். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். ஒரு நாளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நண்பகல் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்பிப் படுப்பது. அந்த ஓய்வைப் பிள்ளைகள் நேர விரயம் என்பார்கள். மாலை எட்டு மணிக்கு நீங்கள் முகம் வாடாமல் நிற்கும்போது ஒப்புக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமையைத் தேக்காவுக்குக் கொடுங்கள்: காலையில் வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில், மாலையில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம். திங்கட்கிழமை அது திறந்திருக்காது. 1827ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மாரியம்மன் கோயில் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ளது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நகரத்தில், ரயில் நிலைய அறிவிப்பு தமிழில் காதில் விழும்போது ஒரு தமிழாசிரியைக்கு என்ன தோன்றும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

புதன்கிழமை காலையில் தாவரவியல் பூந்தோட்டம். தோட்டப்புறத்திலிருந்து போகிற எவரும் இதைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1859இல் தொடங்கிய இந்தப் பூந்தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. 1877இல் இங்கே வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றைத்தான் நம் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோய் நட்டார்கள். 1888இல் இதன் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். ரப்பர் பயிரிடும்படி தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தினார். நம் தாத்தா பாட்டிமார் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்ட தோட்டங்களின் கதையில் ஒரு நுனி இந்தப் புல்வெளியில் கிடக்கிறது.

அங்கே ஒரு ரப்பர் மரத்தடியில் மகளை நிற்கவைத்து, குடைக் காம்பைக் கத்தியாகப் பிடித்து, சரிவு எப்படி விழ வேண்டும், கத்தி பட்டையோடு நிற்காமல் உள்ளே இறங்கிக் கட்டையைத் தொட்டால் அந்த இடம் எப்படி முடிச்சு விழும், பால் வடியும் மங்கு எங்கே தொங்கும் என்றெல்லாம் காட்டினேன். "ஒரு நாளைக்கு எத்தனை மரம்மா வெட்டுவீங்க?" என்று கேட்டாள். இருபத்தேழு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பிறந்தவளுக்கு, ரப்பர் மர வரிசையான நிரை என்பது பாடப்புத்தகச் சொல்தான். உங்கள் குடும்பத்தின் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஓர் இடத்தையாவது திட்டத்தில் வையுங்கள், அங்கே அவசரப்படாதீர்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து டௌன்டௌன் பாதையில் மூன்றாவது நிலையம். நுழைவு இலவசம், உள்ளே உள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். காலை ஏழு மணிக்கே போய்விட்டால் வெயில் தப்பும்.

அன்று மாலை அதே பாதையில் எதிர்த்திசையில் பேஃபிரண்ட் நிலையம் போனால், கரையோரப் பூந்தோட்டங்களின் பெருமரங்களுக்கு அடியில் 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளி ஒலிக் காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். கட்டணமுள்ள கண்ணாடி மாளிகைகளைப் பிள்ளை விரும்பினால் பாருங்கள். வியாழன் தனித்தனி நாள்: மகள் தோழியோடு போனாள், நான் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களோடு மாலைவரை இருந்தேன். தனி நாளுக்கு மதியம் ஒரு குறுஞ்செய்தி, இரவு உணவுக்கு ஒரு மணி, ஓர் இடம்; இந்த மூன்றும் போதும். நாலு தடவை அழைத்து "எங்கே இருக்கே?" என்று கேட்டால் அது தனி நாள் ஆகாது. வெள்ளியும் சனியும் பிள்ளையின் பட்டியலுக்கும் தேக்காவின் பெரிய முஸ்தபா கடைக்கும் உரியவை. தரைவழியாகத் திரும்புகிறவர்களுக்குப் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறும் வசதி இல்லை என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளிவரை போகும். உணவங்காடியில் மேசைமேல் மெல்லிழைத்தாள் பொட்டலம் இருந்தால் அந்த இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டது. சாப்பிட்ட தட்டை நாமே திரும்ப வைக்க வேண்டும்.

பிரிந்துபோனால், கால் வலித்தால், கோபம் வந்தால்

ரயில் கதவு மூடி ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்றுவிட்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையிலேயே நிற்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். இதைப் புறப்படுமுன் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். விடுதி முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கைத்தொலைபேசி மின்சாரம் தீர்ந்தால் அந்தத் தாள்தான் துணை. ஆம்புலன்சுக்கு 995, காவல் துறைக்கு 999. வெளிநாட்டவருக்கு அங்கே மருத்துவச் செலவு கடுமை, பயணக் காப்புறுதி எடுக்காமல் போகாதீர்கள். புதுக் காலணியை அங்கே போய்ப் பழக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, ஊரில் காலை நடைக்குப் போட்டுப் பழகுங்கள்.

சண்டை வரும். எங்களுக்கு ஐந்தாம் நாள் வந்தது, வழியைப் பற்றி. கைத்தொலைபேசி வரைபடம் ஒன்று சொல்ல, வழியில் கேட்டவர் வேறொன்று சொல்ல, நான் கேட்டவரை நம்பினேன். இருபது நிமிடம் பேசாமல் நடந்தோம். முன்பே பேசி வைத்திருந்த ஒரு வாக்கியம் உதவியது: "எனக்கு ஒரு டீ வேணும்." யார் சொன்னாலும் மற்றவர் உடனே நின்றுவிட வேண்டும், உட்கார்ந்து குடித்து முடிக்கும்வரை வழியைப் பற்றிப் பேசக் கூடாது.

திரும்பும் நாள்

திரும்பும் பேருந்துக்குப் போகும்போதே சீட்டு எடுத்துவிடுங்கள், ஞாயிறு காலை முதல் பேருந்தாக இருக்கட்டும். சனிக்கிழமை இரவே பை கட்டிவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து வடக்கே வரும் ரயிலில் பழுப்பு உறையைத் திறந்து, மகளின் கைத்தொலைபேசிக் கணக்கோடு ஒப்பிட்டு, மீதத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் "நீயே வைத்துக்கொள்" என்று இருவரும் சொல்லி, அடுத்த பயணத்துக்கு அந்த ஒழுங்கு நிற்காது. நாங்கள் ஈப்போ தாண்டும்போது முடித்தோம். பதினோரு வெள்ளிச் சில்லறை மிஞ்சியது. சுங்கை சிப்புட்டில் நான் இறங்கும்போது, அவள் சன்னல் வழியாக உறையைக் காட்டி, தன் பையில் வைத்துக்கொண்டாள்.